வன்தட்டு பழுதானால் காணிப்பத்திரம் எங்கே?



2007 ஆம் ஆண்டு யுத்தத்தின்போது பழுகாமம் முதலான படுவான்கரை ஊர்களிலிருந்து வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு ஓடியபோது, பலரது கையில் இருந்தது ஒரு பொலித்தீன் பை மட்டுமே. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி அனுமதிப்பத்திரம் ஆகியன அதற்குள் இருந்தன. அந்தப் பையைத் தவறவிட்டவர்கள் பட்ட அலைச்சல் உங்களுக்குத் தெரியும். இன்று அதே பத்திரங்களைப் படம் பிடித்துக் கணனியில் வைத்திருக்கிறோம். சங்கக் கணக்கும் அதற்குள்தான். இனிப் பயமில்லை என்று எண்ணுகிறோம். அந்தக் கணனி ஒருநாள் எழும்பாமல் விட்டால் என்ன செய்வது?

பழுதாவது எது?

கணனி தன் நினைவுகளையெல்லாம் சேமித்து வைக்கும் பெட்டகமே ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டு. அதனுள்ளே வட்டமான தகடுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழலும். தகட்டைத் தொடாமல், மயிரிழைக்கும் குறைந்த உயரத்தில் மிதந்தபடி ஒரு முனை அதனை வாசிக்கும். விழுந்து அடிபட்டாலோ, வயதாகித் தேய்ந்தாலோ அந்த முனை தகட்டில் உரசும். அப்போது 'டிக் டிக்' என்று ஓசை கேட்கும், கணனி மந்தமாகும், கோப்புகள் திறக்க மறுக்கும். புதுவகை எஸ்.எஸ்.டி. தட்டுகளில் சுழலும் பாகம் இல்லை. ஆனால் அவையும் பழுதாகும்; பல வேளைகளில் முன்னறிவிப்பே இராது.

வன்தட்டில் இருப்பவை இரண்டு வகை. ஒன்று, கணனியை இயக்கும் விண்டோஸ் போன்ற இயங்குதளம். மற்றது, நாம் சேர்த்து வைத்த கோப்புகள். இயங்குதளம் வயல் வாடியைப் போன்றது. சரிந்தால் இன்னொன்று கட்டலாம். நமது கோப்புகளோ விதைநெல். வேறிடத்தில் வைத்திராவிட்டால் கடையில் வாங்க முடியாது.

மீண்டும் நிறுவுவது எப்படி?

ஓசை கேட்டால் உடனே கணனியை நிறுத்துங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது, காயத்தைக் கிளறுவதற்குச் சமம். திருத்தக் கொடுக்கும்போது, "கோப்புகளைப் பிரதி எடுக்காமல் போர்மட் செய்ய வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். போர்மட் என்பது தட்டைத் துடைத்தழிப்பது. பழைய தட்டைக் கழற்றி வேறொரு கணனியில் பொருத்தினால், சிலவேளை கோப்புகளை மீட்கலாம்.

பிறகு புதிய தட்டைப் பூட்ட வேண்டும். நல்ல நிலையிலுள்ள இன்னொரு கணனியில், மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் தளத்திலிருந்து விண்டோஸை 8 ஜிகாபைட் பென் டிரைவில் இறக்குங்கள். அந்தப் பென் டிரைவில் உள்ளவை யாவும் அழியும் என்பதால் வெறுமையானதையே பயன்படுத்துங்கள். அதனைச் செருகி, எப்12, எப்2 போன்ற விசையை அழுத்தி, பென் டிரைவிலிருந்து தொடங்கச் செய்யுங்கள். எந்தத் தட்டில் நிறுவுவது என்று கேட்கும் இடத்தில் நிதானம் வேண்டும். தவறான தட்டைத் தெரிந்தால் அதிலுள்ளது போய்விடும். விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11 பல பழைய கணனிகளில் ஏறாது. அத்தகைய கணனிகளுக்கு உபுண்டு என்னும் இலவச இயங்குதளம் உண்டு.

நிறுவி முடிந்து, மீட்ட பழைய கடிதத்தைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரியலாம். பயப்படாதீர்கள். அது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கடிதமாக இருக்கலாம். அந்த எழுத்துருவை மீண்டும் ஏற்றினால் தமிழ் திரும்பிவிடும்.

அரசாங்கத்துக்கே நேர்ந்தது

2023 ஒகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவையைக் கப்பம் கோரும் நச்சுநிரல் தாக்கியது. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. சேவையைச் சில மணி நேரத்தில் மீள இயக்கிவிட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஒகஸ்ட் 26 வரையான கடிதங்களுக்கு வேறு பிரதி இருக்கவில்லை. அவை போனவை போனவைதான். வாடி எழுந்தது, விதைநெல் திரும்பவில்லை.

முன்னோர் அறிந்த வழி

இது நமக்குப் புதிய பாடமல்ல. நொத்தாரிசு காணி உறுதி எழுதும்போது மூன்றாக எழுதுகிறார். மூலம் உரியவருக்கு, ஒரு பிரதி தம்மிடம், இன்னொன்று காணிப் பதிவகத்துக்கு. எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்த காலத்தில் காவலில் கிடந்த எரேமியா இறைவாக்கினர் அனத்தோத்தில் ஒரு வயலை வாங்கினார். முத்திரையிட்ட உறுதியையும் திறந்த பிரதியையும் நெடுங்காலம் இருக்கும்படி மண்பானையில் வைக்கச் செய்தார். ஊர் அழியப்போகும் வேளையிலும், மக்கள் திரும்பி வந்து நிலம் வாங்குவார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குப் பானையும் பிரதியும் தேவைப்பட்டன.

ஆகவே நாமும் இப்படிச் செய்வோம்:

1. கணனியில் உள்ளதைத் தவிர இரண்டு பிரதிகள் எடுப்போம்.

2. அவற்றில் ஒன்று வேறு ஊரில், நம்பிக்கையான உறவினரிடம் இருக்கட்டும். வெள்ளமோ இடப்பெயர்வோ வந்தால் இரண்டும் ஒன்றாகப் போகக்கூடாது.

3. பிரதி எடுத்ததும் பென் டிரைவைக் கழற்றி வைப்போம். செருகியபடியே இருந்தால் நச்சுநிரல் அதனையும் பிடிக்கும்.

4. சங்கக் கணக்கை மாதந்தோறும், பத்திரங்களை ஒவ்வொரு போக முடிவிலும் பிரதி செய்து, திறந்து பார்த்து, திகதி எழுதி வைப்போம்.

படப்பிரதி மூலப்பத்திரத்துக்கு ஈடாகாது. ஆனால் அதிலுள்ள இலக்கமும் திகதியும் கையில் இருந்தால், பிரதேச செயலகத்திலோ காணிப் பதிவகத்திலோ உறுதிப்படுத்திய பிரதி கேட்பது எளிதாகும். விதைநெல்லை ஒரே சாக்கில் கட்டி வைக்காத உழவர்கள் நாம். நம் நிலத்தின் சாட்சியையும் ஒரே தட்டில் விட்டுவைக்க வேண்டாம்.