வீட்டுத் தோட்டத்திற் பப்பாசி

வேலியோரத்திலே தானாக முளைத்த பப்பாசிக் கன்று, எவரும் நீர் வார்க்காமலே ஓங்கி வளர்ந்து கொத்துக் கொத்தாகக் காய்ப்பதுண்டு. அதே வளவில், நல்ல பழமொன்றின் விதையை எடுத்துக் கருத்தோடு நட்டு வளர்த்த மரம், பல மாதங் கழித்து நீண்ட காம்புகளிற் பூவை மாத்திரம் தொங்கவிட்டு, ஒரு காயேனுங் கொடாது நிற்பதும் உண்டு. வீட்டுக்காரர் மண்ணைக் குறை கூறுவர். சிலர் அடிமரத்தில் ஆணி அறைந்து பார்ப்பர். குறை மண்ணிலும் இல்லை, நட்டவர் கைராசியிலும் இல்லை. அம்மரம் ஆண் மரம். இரண்டு மூன்று மரங்களுக்கே இடமுள்ள வளவில் இவ்வாறு ஏமாறுவது ஏறக்குறைய ஓராண்டுப் பயனை இழப்பதாகும். நடும்போதே சிறிது முன்யோசனை செய்தால் இவ்விழப்பைத் தவிர்த்துக்கொள்ளலாம்.

பப்பாசியின் தாயகம் அமெரிக்காவின் வெப்ப வலயமாகும். 16ஆம் நூற்றாண்டிலேயே அது கீழ்நாடுகளுக்கு வந்தது. இன்று இலங்கையின் குளிர்ந்த மலையுச்சிகள் தவிர்ந்த எல்லாப் பாகங்களிலும் அது வளர்கின்றது.

மூவகை மரங்கள்

பப்பாசியில் ஆண் மரம், பெண் மரம், இருபால் மரம் என மூவகையுண்டு. ஆண் மரத்தின் பூக்கள் சிறியவை. நீண்டு கிளைத்துத் தொங்குங் காம்புகளிற் கூட்டமாகப் பூப்பவை. பெண் மரத்தின் பூக்கள் பெரியவை. இலைக்காம்பின் கக்கத்தில் தண்டோடு ஒட்டினாற்போல் ஒன்றாகவோ இரண்டு மூன்றாகவோ தோன்றுபவை. பெண் பூவின் அடி பருத்திருக்கும். அதில் மகரந்தம் இராது. இருபால் பூவும் தண்டை அடுத்தே பூக்கும். ஆயின் அது ஒடுங்கி நீண்டிருக்கும். மகரந்தமுஞ் சூலகமும் ஒரே பூவில் அமைந்திருக்கும். பெண் மரத்துப் பழம் உருண்டையானது. உள்ளே வெற்றிடம் பெரிது. இருபால் மரத்துப் பழம் நீண்டு, தடித்த சதையுடையது. சந்தையிற் பெரிதும் விரும்பப்படுவது இதுவே.

இவ்வேறுபாட்டை விதையைப் பார்த்தோ, கன்றின் வேரைப் பார்த்தோ வீட்டில் அறிந்துகொள்ள இயலாது. கறுத்த விதை பெண், வெளுத்த விதை ஆண் என்பதெல்லாம் வெறும் ஊர்ப்பேச்சு. பூ அரும்பும் வரை காத்திருத்தலே வழி. ஆணி அறைதலும் பயனற்றதே. ஆண் மரம் சிற்சில காலங்களிற் காம்பின் நுனியில் இரண்டொரு காய் காய்ப்பதுண்டு. அது பருவ மாற்றத்தால் நிகழ்வது. ஆணி அறைந்த பின் அது நேர்ந்துவிட்டால் ஆணிக்குப் புகழ் சேர்கின்றது, அவ்வளவே.

பெண் மரத்துப் பூ ஆண் மரத்தின் மகரந்தத்தாற் கருக்கட்டியிருந்தால், அவ்விதைகளிற் பாதி ஆணாகவும் பாதி பெண்ணாகவும் முளைக்கும். ஒரு குழியில் ஒரு கன்றை மாத்திரம் நடுபவர், நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பவரை ஒப்பர். அதே குழியில் மூன்று கன்றுகளை நட்டால், மூன்றும் ஆணாக அமைவது எட்டுக் குழிகளில் ஒன்றிலேயே நேரக்கூடும். ஆகவே குழிக்கு மூன்று கன்றுகளை, ஒன்றுக்கொன்று ஓரடி இடைவிட்டு நட்டு, பூ அரும்பியதும் நல்லதொன்றை நிறுத்தி மற்றவற்றை அகற்றுதல் வேண்டும். நன்கு வளர்ந்த இரு மரங்களை வெட்ட மனம் வராது மூன்றையும் விட்டுவைப்போர் பலர். அவர்கள் பெறுவது ஒன்றையொன்று நெருக்கி, வெயிலைத் தேடி மெலிந்து உயர்ந்த மூன்று மரங்களையும் மிகச் சில பழங்களையுமே.

நீண்ட பழத்தின் விதையை எடுப்பது இதனினும் மேலானது. இருபால் பூ தன் மகரந்தத்தாலேயே கருக்கட்டினால், அதன் விதைகளில் மூன்றில் இரண்டு பங்கு இருபால் மரமாகவும், ஒரு பங்கு பெண் மரமாகவும் வரும். ஆண் மரம் வராது. எனினும் அயல் வளவில் ஆண் மரம் நின்றால் அதன் மகரந்தமுங் கலந்துவிடும். இதனைத் தடுக்க, அரும்பு விரியுமுன் அதனை மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்டி, பிஞ்சு பிடித்தபின் அவிழ்த்து, அக்காம்பில் ஓர் அடையாளம் இட்டுவைக்கலாம்.

அயலில் ஆண் மரமோ இருபால் மரமோ இல்லாதவிடத்துத் தனித்த பெண் மரம் பூத்துக் கொட்டும். அன்றேல் விதையற்ற சிறு காய்களையே தரும். ஆதலால் எல்லாரும் ஆண் மரங்களை முற்றாக அழித்துவிடுதலும் தகாது. அந்தி வேளையில் அதன் பூ மணத்தை நாடி வரும் பூச்சிகளே மகரந்தத்தைக் கொண்டு செல்கின்றன. ஓர் ஒழுங்கைக்கு ஓர் ஆண் மரம் இருந்தாற் போதும்.

விதையும் நடுகையும்

விவசாயத் திணைக்களத்தின் ‘ரத்னா’ இனமும், தைவான் நாட்டிலிருந்து வந்த ‘றெட் லேடி’ என்னுங் கலப்பினமும் நாட்டில் நன்கு அறியப்பட்டவை. ‘றெட் லேடி’ பழத்தின் விதையை எடுத்து மீண்டும் நட்டால் அதே தன்மையுள்ள மரங்கள் கிடையா. ஒவ்வொரு முறையும் புதிய விதையே வாங்கல் வேண்டும்.

விதையைச் சுற்றி வழுவழுப்பான சவ்வொன்று உண்டு. அது முளைத்தலைத் தடுப்பது. எனவே விதையைச் சாம்பலிலோ மணலிலோ தேய்த்துக் கழுவி, நிழலில் உலர்த்தியபின் சிறு பைகளில் அரை அங்குல ஆழத்தில் இடவேண்டும். இரண்டு மூன்று கிழமைகளில் முளை தோன்றும். ஆறு முதல் எட்டுக் கிழமைவரை கிடுகு நிழலில் வளர்த்து, வெயிலுக்குப் பழக்கியபின், வேர் குலையாதவாறு பையைக் கிழித்து நடலாம். குழி ஈரடி நீள, அகல, ஆழமுடையதாக இருத்தல் நன்று. மேல்மண்ணோடு கூட்டெருவோ மட்கிய மாட்டெருவோ கலந்து நிரப்புக. குழிக்குக் குழி எட்டடி இடைவெளி வேண்டும். பப்பாசி நிழலில் வளர்ந்தாலும் காய்க்காது. மாமரத்தின் கீழ் நடுவது வீண்.

நீர்

பப்பாசிக்கு நீர் வேண்டும். ஆயின் நீர் நிற்கலாகாது. இவ்விரண்டையும் ஒருங்கே நினைவிற் கொள்ளாமையால் இறக்கும் மரங்களே மிகப் பல. வெள்ளம் இரண்டு நாள் அடியில் நின்றால் வேர் மூச்சுத் திணறி அழுகும். இலைகள் மஞ்சளித்துத் தொங்கும். காய் நிறைந்த மரம் ஒரு கிழமையிற் சாய்ந்துவிடும். வடக்கிலுங் கிழக்கிலும் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரியில் இதுவே பெரும்பாலும் நடப்பது. கிணற்றடியிற் குளித்த நீர் ஓடும் வாய்க்காலோரம் வாழைக்கு உகந்த இடம், பப்பாசிக்கு அன்று. தாழ்ந்த வளவுகளில் ஓரடி ஒன்றரையடி உயரத்திற்கு மண்ணைக் கூட்டி, மேட்டின்மேல் நட்டு, சுற்றிலும் வடிகால் வெட்டுதல் வேண்டும்.

வெயிற்காலத்திற் கிழமைக்கு இருமுறை, மணற்பாங்கான நிலத்தில் அதனினுங் கூடுதலாக, அடிமரத்தை நனையாமல் ஓரடி தள்ளி வட்டமாக நீர் விடுக. உவர்நீர் இம்மரத்துக்கு ஒவ்வாது. வைக்கோலையோ காய்ந்த இலையையோ பரப்பினால் ஈரம் நிற்கும். அதுவும் தண்டைத் தொடலாகாது. சோளகக் காற்று நேராக அடிக்கும் வளவுகளில் வீட்டுச் சுவரின் மறைவே தக்க இடம்.

நோயும் பூச்சியும்

2008ஆம் ஆண்டில் இலங்கையில் முதன்முதலாகக் காணப்பட்ட பப்பாசி மாவுப்பூச்சி, பஞ்சு படர்ந்தாற்போன்று காயையும் இலையையும் மூடி மரங்களைக் கொன்றது. அது மெக்சிக்கோப் பக்கத்துப் பூச்சி. இங்கு அதற்கு எதிரி இருக்கவில்லை. 2009இல் அதன் உடலினுள்ளே முட்டையிட்டு அழிக்கும் மிகச் சிறு குளவியினம் வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு விடப்பட்டது. அதன்பின் கொடுமை பெரிதுந் தணிந்தது. சிறிது பஞ்சு கண்டவுடன் கடும் நஞ்சு தெளிப்பவர் அக்குளவியையே முதலிற் கொல்கின்றனர். வீட்டு மரத்திற்கு வேகமாக நீரைப் பீச்சிக் கழுவுதலும், மிகுதியாகப் பிடித்த இலைகளை வெட்டி எரித்தலும் போதும்.

வளையப்புள்ளி நோய் வேறுவகையானது. இலைகள் மஞ்சளும் பச்சையுமாகக் குறுகிச் சுருளும்; காயின் மேல் வளையம் வளையமாகப் புள்ளிகள் தோன்றும். இது வைரசு நோய். அழுக்கணவன் பூச்சியாற் பரவுவது. இதற்கு மருந்தில்லை. நோயுற்ற மரத்தைப் பிடுங்கி அழிப்பதே அயல் மரங்களைக் காக்கும். இரண்டு காய் மீதியிருக்கின்றதே என்று அதை நிறுத்தி வைத்தல் அடுத்த வீட்டாருக்கு இழைக்குந் தீங்காகும்.

பறித்தலும் உண்ணுதலும்

நட்டு எட்டு முதல் பத்து மாதங்களில் முதற் பழம் கிடைக்கும். காயின் நுனியில் மஞ்சட் கோடொன்று தென்பட்டவுடன் காம்போடு பறித்து வீட்டிற் பழுக்க வைக்கவேண்டும். மரத்திலே முற்றும் பழுக்கவிட்டால் அது அணிலுக்கும் வௌவாலுக்குமே உணவாகும். காலையிற் குளிர்ந்த பழத்தைக் கீறித் தேசிக்காய்ப் புளி சிறிது விட்டுண்பதன் சுவை தனியானது. கண்ணுக்கு நலந்தருஞ் சத்தும், உயிர்ச்சத்து ‘சி’யும் இதில் நிறைய உண்டு.

காய் கறிக்கும் வறைக்கும் உதவும். ஆட்டிறைச்சி வேக மறுத்தால் ஒரு துண்டு பப்பாசிக்காயை இடுவது வீடுகளில் வழக்கம். காயின் பாலிலுள்ள பப்பாயின் என்னும் பொருளே இறைச்சியை மெதுவாக்குகின்றது. அதே பால் கருப்பையைச் சுருங்கச் செய்யவல்லதாகையாற் கருவுற்ற பெண்கள் காயையும் அரைப்பழத்தையும் உண்ணலாகாது. நன்கு கனிந்த பழத்தில் அப்பால் அற்றுப்போகின்றது.

மூன்றாண்டு கடந்தால் மரம் கைக்கெட்டாது உயரும், பழமுஞ் சிறுக்கும். ஆதலால் இரண்டாம் ஆண்டிலேயே அடுத்த கன்றுகளை, பழைய குழியை விட்டு வேறிடத்தில், முன்போல் மூன்று மூன்றாக நட்டுவிடல் வேண்டும்.