வளைந்த விமானத்தை நிமிர்த்துவது எப்படி?

மாடல் கிட் என்றால் என்ன என்று முதலில் சொல்லிடுறேன். நிஜ விமானத்தை அளவு குறைத்து, பிளாஸ்டிக்கில் துண்டு துண்டாக வார்த்து, கிளையில காய் தொங்குற மாதிரி ஒரு சட்டத்தில் கொடுப்பாங்க. நாம்தான் வெட்டி எடுத்து ஒட்டணும். 1/72 என்று பெட்டியில் போட்டிருந்தால் நிஜத்தில் 72 செ.மீ. இருப்பது இதில் 1 செ.மீ. என்று அர்த்தம். ஸ்பிட்ஃபயர் என்ற இங்கிலாந்து போர் விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 11.23 மீட்டர். கிட்டில் அது சுமார் 15.6 செ.மீ. தான். (நம்ம இந்திய விமானப்படையும் ஒரு காலத்தில் ஸ்பிட்ஃபயர் ஓட்டியிருக்கு!)

எங்க மாமா படிக்கிற காலத்தில் வாங்கி, ஒட்டாமலே பரணில் போட்ட ஸ்பிட்ஃபயர் கிட் ஒன்று எனக்குக் கிடைத்தது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பெட்டி மேல பழைய புத்தக மூட்டை. திறந்து பார்த்தால் இறக்கை பொரிச்ச அப்பளம் மாதிரி நெளிஞ்சு கிடக்கு. உடலின் இரண்டு பாதியும் சேர்த்துப் பிடித்தால் நடுவில் விரல் நுழையுது. "பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடு" என்றார் அம்மா. மாமாவோ, "பசை போட்டு அழுத்திப் பிடி, ஒட்டிக்கும்" என்றார். இரண்டுமே வேண்டாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

பசை ஏன் போதாது? இந்தப் பசை பிளாஸ்டிக்கின் மேல்பரப்பைக் கரைத்து ஒன்றாக்குது. ஆனால் வளைந்த துண்டு உள்ளுக்குள் இழுத்துக்கிட்டே இருக்கும். இன்னிக்கு ஒட்டினது ஒருநாள் "டப்" என்று வாய் திறக்கும். முதலில் அந்த இழுப்பு போகணும்.

இழுப்பு எங்கிருந்து வந்தது? கிட் செய்வது பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில். அதை உருக்கி அச்சுக்குள் வேகமாகச் செலுத்துவாங்க. மெல்லிய இடம் சீக்கிரம் ஆறும், தடித்த இடம் மெதுவாக ஆறும். அதனால் உள்ளே இறுக்கம் தங்கிடும். அதன்பிறகு வருஷக்கணக்கில் சூடும் பாரமும் சேர்ந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணும். நல்லவேளை, இது நாம் பாடத்தில் படித்த இளகும் பிளாஸ்டிக். நூல் மாதிரி நீளமான அதன் மூலக்கூறுகள் சூட்டில் நகர்ந்து கொடுக்கும், ஆறினால் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். மின்சார சுவிட்ச் செய்யும் பேக்கலைட் இறுகும் பிளாஸ்டிக். அதில் இந்த வேலை நடக்காது.

பாலிஸ்டைரீன் 100 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் முழுசா தளர்ந்துவிடும். அதனால் கொதிக்கிற தண்ணீர் கூடவே கூடாது. சார் கொடுத்த ஆய்வக வெப்பமானியை வைத்து 60-இல் தொடங்கி 70 வரை போனேன். முதலில் துண்டைப் போடாமல், மிச்சமான சட்டத்தில் ஒரு குச்சியை வெட்டிப் போட்டுப் பார்த்தேன். இது ரொம்ப முக்கியம், ஏன்னா குச்சி போனால் நஷ்டமில்லை. இறக்கை போனால் வேற இறக்கைக்கு எங்கே போறது?

இறக்கையை ஒரு நிமிஷம் முக்கி, கரண்டியால் எடுத்து, வளைவுக்கு எதிர்ப்பக்கமாக மெல்ல வளைக்கணும். நேர்கோட்டையும் தாண்டி ஒரு நூல் அளவு கூடுதலாக வளைக்கணும், ஏன்னா கொஞ்சம் திரும்பி வரும். பிடித்த பிடியை விடாமல் பச்சைத் தண்ணீரில் வைத்து இருபது வரை எண்ணணும். ஒரே தடவையில் நிமிர்த்த ஆசைப்படக் கூடாது. எனக்கு நாலு தடவை ஆச்சு. வளைவு சுலபம், முறுக்குதான் படுத்தும். இரண்டு நுனியையும் பிடித்து, துணி பிழியற மாதிரி, ஆனா பத்தில் ஒரு பங்கு பலத்தில் திருப்பணும்.

உடலுக்கு வேற வழி. இரண்டு பாதியையும் பசையில்லாமல் சேர்த்து, நூலால் சுற்றிக் கட்டி, கட்டோடு முக்கி, கட்டோடு ஆறவிட்டேன். ஒன்றுக்கொன்று அச்சாகி ஒத்துப்போச்சு.

மெழுகுவர்த்தியில் காட்டாதீங்க. ஒரு இடம் உருகும், பக்கத்து இடம் அப்படியே இருக்கும். சூடு பண்ணாமல் வளைத்தால் வெள்ளைக் கோடு விழும், அப்புறம் முறியும். விமானி உட்காரும் இடத்துக்கு மேல் வரும் கண்ணாடி மாதிரியான மூடியைத் தொடவே வேண்டாம், அது சட்டுனு விரிசல் விடும். வெந்நீர் வேலைக்கு வீட்டில் பெரியவங்க யாராவது பக்கத்தில் இருக்கணும்.

என் விமானத்தில் வால் பக்கம் மட்டும் இன்னும் ஒரு தபால் அட்டை கனத்துக்கு இடைவெளி இருக்கு. அதை வெந்நீரால் சரிபண்ண முடியாது, பட்டி போட்டு உப்புத்தாளால் தேய்க்கணும். மாமா ஞாயிற்றுக்கிழமை பெயிண்ட் வாங்கி வர்றேன்னு சொல்லியிருக்கார்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி