கடல்புழுவின் முகம்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் தம்பி தங்கைகளே! மும்பையில் தாராவி ஓரமாக ஓடும் மித்தி ஆறு மாஹிம் அருகே கடலில் கலக்கிறது அல்லவா? ஓதம் வடிந்ததும் அங்கே அலையாத்தி மரங்களின் கீழே கருஞ்சேறு தெரியும். இப்படிப்பட்ட சேற்றில் கடல் வளைதசைப் புழுக்கள் பல குடியிருக்கின்றன. மண்புழுவுக்குச் சொந்தக்காரர்கள்தான். ஆனால் மண்புழுவுக்கு இல்லாத ஒன்று இவற்றில் பலவற்றுக்கு உண்டு: ஒவ்வொரு வளையத்தின் இரு பக்கமும் ஒரு சதைக் கால், அதில் கொத்தாக நீட்டி நிற்கும் முட்கள்.

எந்தப் புழு என்று கண்டுபிடிக்க நிறத்தை நம்பாதீர்கள். ஆல்கஹாலில் போட்டு வைத்தால் நிறம் வெளுத்துவிடும். நீளமும் உதவாது, பல புழுக்களுக்கு வால் அறுந்தால் மறுபடி வளரும். தலையைத்தான் பார்க்க வேண்டும்.

நீரிஸ் என்ற புழுவை உருப்பெருக்கியில் பாருங்கள். தலைமேல் நான்கு கண்கள், முன்னால் இரண்டு சிறு உணர்கொம்புகள், பக்கத்துக்கு ஒன்றாகத் தடித்த இரண்டு உணர்விரல்கள். அடுத்த வளையத்தில் நான்கு ஜோடி மெல்லிய இழைகள். இரை கிடைத்தால் காலுறையை உள்வெளியாகப் புரட்டுவது போலத் தொண்டையையே வெளியே தள்ளும்! அதன் நுனியில் கொக்கி போல இரண்டு தாடைகள். அவற்றில் துத்தநாகம் இருக்கிறது; உறுதி தருவதில் அதற்கும் பங்குண்டு. தொண்டையின் மேல் கறுப்புப் பொடிப் பற்கள் ஒட்டியிருக்கும். இனத்தைப் பிரித்தறிய அவை எங்கே, எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்க்கிறார்கள். பெரிநீரிஸ் என்ற புழுவுக்கு அவற்றில் சில பட்டை வடிவில் இருக்கும். நமலிகாஸ்டிஸ் என்ற புழுவுக்கோ அந்தப் பற்களே கிடையாது. எவ்வளவு அழகான அடையாளம்!

காபிடெல்லா என்ற புழுவின் தலையில் உணர்கொம்பே இல்லை. சிவப்பு நூல் மாதிரி இருக்கும். சாக்கடை கலந்து மற்ற புழுக்கள் மடியும் சேற்றிலும் அது பெருகும்.

பிரெஞ்சு அறிஞர் பியர் ஃபோவல் இந்தியக் கடல்புழுக்களைப் பற்றி எழுதிய பெரிய நூல் 1953-இல் வெளிவந்தது. இன்றும் ஆய்வாளர்கள் அதைப் புரட்டுகிறார்கள்.

நீங்களும் இந்தப் புழுக்களைத் தேடிப் பார்க்கலாம்; ஆனால் கழிவுநீர்ச் சேற்றில் மட்டும் இறங்காதீர்கள். மும்பையின் மணல் கரைக்குப் பெரியவர்களோடு போங்கள். கிளிஞ்சல் துண்டுகள் ஒட்டிய குழாய் மணலிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தால் அது டயோபாட்ரா என்ற புழுவின் வீடாக இருக்கலாம். பிடுங்க வேண்டாம். தண்ணீர் மூடும்போது ஐந்து உணர்கொம்புகளும் சுருள் சுருளான செவுள்களும் எட்டிப் பார்த்தால், அதுவேதான்.