மின்மினிப் பூச்சியும் உழவரின் நண்பனே

கோடை விடுமுறையில் மின்மினிப் பூச்சிகளைக் காண்பதற்கென்றே காடுகளுக்கும் மலைகளுக்கும் செல்வோர் உண்டு. மகாராஷ்டிர மாநிலத்தில் பண்டார்தரா, புருஷ்வாடி ஆகிய ஊர்களுக்கு, பருவமழை தொடங்கும் முன் மே, ஜூன் மாதங்களில் மக்கள் இதற்காகவே திரண்டு வருகின்றனர். நம் மாநிலத்திலும் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உலாந்தி வனச்சரகத்தில், எண்ணற்ற மின்மினிகள் ஒன்றாக ஒளிர்ந்து ஒன்றாக அணையும் காட்சியை 2022 ஏப்ரலில் வனத்துறையினர் பதிவு செய்தனர்.

திண்டுக்கல்லை அடுத்த அகரம், தாடிக்கொம்பு வட்டாரத்தில் குடகனாற்றங்கரையை ஒட்டி நிலம் வைத்திருக்கும் விவசாயிகள் இதற்காக நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஈரமும் நிழலும் உள்ள வரப்பு, வாய்க்கால் ஓரம், கிணற்றடி ஆகிய இடங்களிலும் மின்மினி வாழக்கூடியது. அதன் புழு, பயிரைத் தின்னும் நத்தைகளை உண்டு வாழ்வதால் இப்பூச்சியைப் பேணுவது உழவருக்கும் ஆதாயமே.

வாழ்க்கைப் பருவங்கள்

மின்மினி ஈ இனத்தைச் சேர்ந்ததன்று. அது வண்டினத்தைச் சேர்ந்தது. உலகில் 2,000க்கும் மேற்பட்ட மின்மினி இனங்கள் உள்ளன. முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு என நான்கு பருவங்கள் இதற்கு உண்டு. பெண் பூச்சி ஈரமண்ணிலும் சருகுக்கு அடியிலும் முட்டையிடும். வெளிவரும் புழு தட்டையாக, உடலின் மேல் தகடு அடுக்கியது போலக் காணப்படும். இதன் வால் பகுதியிலும் மங்கிய ஒளி தோன்றும்.

இனத்தைப் பொறுத்து, புழுப் பருவம் சில மாதங்கள் முதல் ஓராண்டுக்கு மேலும் நீடிக்கும். பறக்கும் வண்டோ சில வாரங்களே உயிர் வாழும். ஆகவே, நாம் இரவில் காணும் பூச்சி தன் வாழ்நாளின் பெரும் பகுதியை நம் காலடி மண்ணிலேயே கழித்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஒளி உண்டாவது எப்படி?

வயிற்றின் கடைசிக் கண்ணறைகளில் உள்ள லூசிபெரின் என்னும் பொருள், லூசிபெரேஸ் என்னும் நொதியின் உதவியால் ஆக்சிஜனுடன் சேரும்போது ஒளி பிறக்கிறது. இதில் வெப்பம் அநேகமாக வெளிப்படுவதில்லை. ஆதலால் இதனைக் குளிர் ஒளி என்பர். ஆண் பூச்சி பறந்துகொண்டே விட்டுவிட்டு ஒளிரும். செடியிலோ தரையிலோ அமர்ந்திருக்கும் பெண் பூச்சி பதில் ஒளி காட்டும். இந்த ஒளியைக் கொண்டே ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று கண்டறிந்து கூடுகின்றன.

உழவருக்கு என்ன பயன்?

மின்மினிப் புழு நத்தையைக் கடித்து, செரிமான நீரை உள்ளே செலுத்தி, அதன் தசையைக் கூழாக்கி உறிஞ்சிவிடும். நாற்றங்காலையும் காய்கறிச் செடிகளையும் இரவில் கடிக்கும் சிறு நத்தைகளும் ஓடில்லா நத்தைகளும் இதற்கு இரையாகின்றன.

நம் நாட்டில் பெருந்தொல்லை தரும் ஆப்பிரிக்க நத்தை, 1847ஆம் ஆண்டு மொரீஷியசிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டு வரப்பட்டது. இலங்கையிலும் இது பரவியபோது, பெரிய மின்மினி இனம் ஒன்றின் புழு இந்நத்தையைத் தின்பதை அந்நாட்டு வேளாண்மைத் துறை ஆராய்ந்து 1924இல் வெளியிட்டது.

எனினும், ஆப்பிரிக்க நத்தை மிகுந்த தோட்டத்தில் மின்மினியை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. மாலையில் நனைந்த சாக்குகளை ஆங்காங்கே பரப்பி, அதிகாலையில் அவற்றின் அடியில் ஒதுங்கும் நத்தைகளைக் கையுறை அணிந்து பொறுக்கி, அடர்ந்த உப்புக் கரைசலில் இட்டு அழிக்கவும். கரைசலை நிலத்தில் ஊற்றக் கூடாது.

குறைவதற்குக் காரணங்கள்

வரப்புக்குத் தீ வைப்பதால் முட்டையும் புழுவும் மடிகின்றன. மண்ணில் இடும் குருணை மருந்துகளும் வரப்பில் படும் பூச்சிமருந்துகளும் புழுவைக் கொல்கின்றன. இரவு முழுதும் எரியும் வெள்ளை விளக்கின் வெளிச்சத்தில் பூச்சிகளின் ஒளி மங்கித் தெரிவதால் அவை கூடுவது தடைப்படுகிறது. சில இனங்களில் பெண் பூச்சிக்கு இறக்கையே கிடையாது. அத்தகைய இனம் ஒரு வரப்பில் அழிந்துவிட்டால், வேறிடத்திலிருந்து வந்து குடியேறுவது மிகக் கடினம்.

செய்ய வேண்டியவை

1. கிணற்றடி அல்லது வாய்க்கால் ஓரத்தில் ஒரு வரப்பையாவது புல்லும் சருகும் நிழலுமாக விட்டு வையுங்கள். அங்கே தீ வைக்க வேண்டாம்.

2. பூச்சிமருந்தைத் தேவை ஏற்பட்டால் மட்டும், பரிந்துரைத்த அளவில் தெளியுங்கள். அவ்வரப்பின் மேல் மருந்து படாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

3. மோட்டார் கொட்டகை விளக்குக்கு மூடி அமைத்து, வெளிச்சம் கீழ்நோக்கி விழச் செய்யுங்கள். வேலை முடிந்ததும் அணைத்து விடுங்கள்.

4. விளக்குப் பொறியை மின்மினி மிகுந்த இடத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

காண்பதும் கணக்கெடுப்பதும்

கோடை மழை பெய்து மண் நனைந்த பின், காற்றில்லாத, நிலவு வெளிச்சம் குறைந்த இரவே ஏற்றது. பொழுது சாய்ந்து நன்கு இருட்டியதும் ஓரிடத்தில் நின்று பத்து நிமிடம் கவனியுங்கள். கண் இருளுக்குப் பழகச் சிறிது நேரம் பிடிக்கும். கைவிளக்கின் மேல் சிவப்புக் காகிதம் ஒட்டிக் கொள்ளுங்கள். பாம்பு நடமாட்டம் இருக்கலாமாதலால் காலணி இன்றிச் செல்லலாகாது. பூச்சியைப் பிடித்துப் புட்டியில் அடைக்க வேண்டாமெனச் சிறுவர்களுக்குச் சொல்லுங்கள். சிறுமலை போன்ற இடங்களுக்குச் செல்வோர், காட்டுமாடுகள் உலவும் பகுதியாதலால், வனத்துறையின் அனுமதியின்றி இரவில் காட்டுக்குள் நுழைதல் கூடாது.

பத்து நிமிடத்தில் கண்ட ஒளிப்பொட்டுகளின் எண்ணிக்கையை நாட்காட்டியில் தேதியுடன் குறித்து வாருங்கள். மழைக்கேற்ப எண்ணிக்கை கூடும், குறையும். எனவே ஒரே இரவை வைத்து முடிவு செய்யாமல், அடுத்த ஆண்டு அதே பருவத்துடன் ஒப்பிடுங்கள். நல்ல மழை பெய்தும் ஆண்டுக்காண்டு குறைந்து வந்தால், மருந்து, தீ, விளக்கு ஆகிய மூன்றில் எது காரணமென ஆராய்ந்து திருத்திக் கொள்ள வேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. ஒரு வரப்பை விட்டு வைத்து, ஒரு விளக்கை அணைத்தால் நத்தையைத் தின்னும் நண்பன் நிலத்தில் தங்குவான். உழவர் பெருமக்கள் இம்முறைகளைக் கையாண்டு பயன்பெறலாம்.