ஒரு தாளும் இரண்டு வரிகளும்

மாரி மழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு மாலைப்பொழுது. பக்கத்து வீட்டு ஆச்சி மடித்த தாளொன்றைக் கையிற் பற்றியவாறு படலையைத் திறந்துகொண்டு வந்தார். பேரனுக்கு மூன்று நாட்களாகக் காய்ச்சல். குருதியைச் சோதித்த ஆய்வுகூடம் கொடுத்த தாள் அது.

"தம்பி, இதிலை ஒண்டுக்குப் பொசிற்றிவ் எண்டும் மற்றதுக்கு நெகற்றிவ் எண்டும் கிடக்காம். நெகற்றிவ் எண்டபடியால் டெங்கு இல்லை எண்டு மருமகன் சொல்லுறார். சரியே?"

தாளை வாங்கிப் பார்த்தேன். முழுவதும் ஆங்கிலம். முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் நான். பழைய சூத்திரம் ஒன்றுக்குப் பொருள் கேட்டிருந்தால் தயங்காது சொல்லியிருப்பேன். அந்த இரண்டு வரிகளுக்குப் பொருள் சொல்ல என்னால் இயலவில்லை. வைத்தியராகப் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, வரிகளை வாசித்துக் காட்டினேன்.

"சேர், சுணங்காமல் பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கோ" என்றார். ஆச்சியை அனுப்பிய பின்னரே காரணத்தைக் கேட்டறிந்தேன்.

முதல் வரி, டெங்கு வைரசு குருதியிற் கலக்கும் ஒரு புரதத்தைப் பற்றியது. நம் உடலை எதிர்ப்புக்குத் தூண்டும் இத்தகைய பொருள் பிறபொருளெதிரியாக்கி எனப்படும். இரண்டாம் வரி, அத்தூண்டலினால் உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரியைப் பற்றியது. முன்னது பகைவன் பதித்த சுவடு. பின்னது அவனை எதிர்க்க நாம் திரட்டும் படை. டெங்குவிலே சுவடு முதல் நாட்களிலேயே புலப்படும். படை திரண்டு புலப்படவோ பெரும்பாலும் ஐந்து நாட்கள் வரை செல்லும். மூன்றாம் நாளிற் படையைக் காணவில்லை என்பதற்காகப் பகைவனே வரவில்லை என்று கொள்ளலாமா? மருமகன் அவ்வாறே கொண்டார். அதிலும், டெங்குவிலே காய்ச்சல் தணியும் வேளையே அபாயம் தலைகாட்டும் வேளை. இன்னும் ஒரு நாள் பொறுத்திருந்தால், 'காய்ச்சல் விட்டுவிட்டது' என்று வீட்டார் மகிழ்ந்துமிருப்பர்.

கலைச்சொல் என்பது புலமைக்கு அணிகலன் என்றே நம்மிற் பலர் எண்ணுகிறோம். அன்று நான் கண்டது வேறு. ஒவ்வொரு கலைச்சொல்லும் ஒரு வேற்றுமையைக் காக்கும் வேலி. வேலி விழுந்தால் வேற்றுமை மறையும். அதன் விலையை உடல் கொடுக்க நேரும்.

'கிருமி' என்னும் சொல்லையே பாருங்கள். பற்றீரியாவும் நமக்குக் கிருமி, வைரசும் கிருமி. பற்றீரியா தானே உணவுண்டு, தானே பிரிந்து பெருகும் ஒரு கலம். வைரசோ பிறிதோர் உயிர்க்கலத்துட் புகுந்தாலன்றிப் பெருகமாட்டாது. 1892ஆம் ஆண்டில் உருசிய விஞ்ஞானி இவனோவ்சுக்கி, நோயுற்ற புகையிலையின் சாற்றைப் பற்றீரியாவைத் தடுக்கும் வடிகட்டியிற் செலுத்தினார். வடிந்த சாறும் நோயைப் பரப்பியது. 1898இல் ஒல்லாந்தரான பெய்ஜெரிங்க் அந்தப் புதிய பொருளுக்கு வைரசு என்ற பெயரை வழங்கினார். நஞ்சு என்று பொருள்படும் இலத்தீன் சொல் அது. புகையிலையைத் தாக்கிய அவ்வைரசின் உருவம் 1939இலேதான் இலத்திரன் நுணுக்குக்காட்டியிற் புலனாயிற்று. பென்சிலின் முதலிய மருந்துகள் பற்றீரியாவின் உறுப்பமைப்பையும் தொழிற்பாட்டையும் தாக்குவன. வைரசுக்கு அவ்வமைப்பு இல்லை. வைரசினால் வந்த தடிமனுக்கு அம்மருந்தை வற்புறுத்திக் கேட்போர் இவ்வேற்றுமையை அறியாதவரே.

'தொற்று' வேறு, 'நோய்' வேறு. கிருமி உடலிற் புகுந்து பெருகுவது தொற்று. அதனால் உடல் நலிவது நோய். நலிவு தோன்றாமலே தொற்றைச் சுமப்போர் உளர் என்பதை 2020இன் கொரோனாக் காலம் நமக்குக் கற்பித்தது. ஒரே வைரசு இரு நோய்களாகவும் தோன்றலாம். இளமையிற் கொப்புளிப்பானைத் தந்த வைரசு நரம்பிலே உறங்கிக் கிடந்து, பல ஆண்டுகளின் பின் அக்கியாக எழுவதுண்டு.

இனி, ஆச்சியைக் குழப்பிய அவ்விரு சொற்கள். பொசிற்றிவ் என்றால் 'தேடியது காணப்பட்டது'. நெகற்றிவ் என்றால் 'தேடியது காணப்படவில்லை'. நல்லது, கெட்டது என்ற பொருள் அவற்றுக்கு இல்லை. 'காணப்படவில்லை' என்பது 'இல்லை' என்பதும் ஆகாது. எதைத் தேடினர், எந்த நாளிலே தேடினர் என்று கேட்டபின்னரே அதற்குப் பொருள் துணியப்படும். சொல்லின் பொருளை இடமும் காலமும் நோக்கித் துணிய வேண்டும் என்று மாணவருக்குப் போதிக்கும் நமக்கு இது புதிய பாடமன்று.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் கிறீன், மானிப்பாயிலே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார். வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். அவர் 1884இல் மறைந்தார். இவனோவ்சுக்கியின் சோதனை நிகழ்ந்தது அதன் பின் எட்டு ஆண்டுகள் கழித்து. அவர் விட்ட இடத்திலிருந்து தொடரும் கடன் நம்முடையதன்றோ? பிறபொருளெதிரி என்ற சொல் நம் பாடநூலில் இருக்கிறது. பரீட்சை முடிந்ததும் அது அங்கேயே நின்றுவிடுகிறது; வீட்டுக்குள் வருவதில்லை.

பேரன் ஒரு வாரம் வைத்தியசாலையில் இருந்து நலமே திரும்பினான். ஆச்சி கொடுத்த தாள் இன்னும் என் மேசையில் இருக்கிறது. அதன் ஓரத்திலே ஒவ்வொரு வரிக்கும் எதிரே தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். ஆசிரிய நண்பர்கள் தத்தம் வகுப்பிலே இத்தகைய தாளொன்றை ஒரு நாளேனும் விரித்து வைத்து மாணவருடன் வாசிப்பார்களாயின், மற்றொரு வீட்டு ஆச்சி படலை திறந்து ஓடிவர வேண்டியிராது.