புயலை எதிர்கொள்ளும் பாய்மரப் படகு

சாலையில் செல்லும் பேருந்து பழுதடைந்தால், ஓட்டுநர் அதனை ஓரமாக நிறுத்துவார். தொடர்வண்டி பழுதடைந்தால், அதனை இழுத்துச் செல்ல வேறோர் எஞ்சின் வந்து சேரும். கடலில் ஓரமும் இல்லை. உடனே வந்து உதவ ஆளும் இல்லை. கரையிலிருந்து பல நாள் தொலைவில் காற்றும் அலையும் தாக்கும்போது, படகில் இருப்பவர்களே மாலுமிகள். அவர்களே பழுது பார்ப்பவர்கள். அவர்களே மருத்துவம் செய்பவர்கள்.

இந்தியக் கடற்படையின் ‘தாரிணி’ இத்தகைய பயணங்களை மேற்கொண்ட பாய்மரப் படகு. கோவாவில் கட்டப்பெற்று, 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் கடற்படையில் சேர்க்கப்பட்டது. இதன் நீளம் ஏறத்தாழ 17 மீட்டர். கிரிக்கெட் ஆடுகளத்தின் இரு முனைகளிலும் நடப்படும் குச்சிகளுக்கு இடையிலான தொலைவைவிட இது குறைவு. இச்சிறு படகில் வர்த்திகா ஜோஷியின் தலைமையில் ஆறு பெண் அதிகாரிகள் 2017 செப்டம்பர் 10 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி, 2018 மே 21 அன்று திரும்பினர். பின்னர் 2024 அக்டோபர் 2 அன்று இருவர் மட்டுமே இதே படகில் உலகைச் சுற்றப் புறப்பட்டனர். ஒருவர் கேரளத்தைச் சேர்ந்த தில்னா. மற்றொருவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. அவர்கள் 2025 மே 29 அன்று கோவாவை அடைந்தனர்.

இரண்டாம் பயணத்தில் நியூசிலாந்திலிருந்து ஃபாக்லாந்துத் தீவுகளுக்குச் சென்ற பகுதி மிகக் கடினமானது. வழியில் ‘நீமோ முனை’ என்னும் இடம் உள்ளது. பெயர்தான் முனை, அங்கே நிலம் இல்லை. எத்திசையில் சென்றாலும் 2,600 கிலோமீட்டருக்கு மேல் கடந்தால்தான் கரையைக் காண இயலும். அத்தகைய இடத்தில் புயல் வந்தால் என்ன செய்வது?

காற்று வலுக்கும் முன்

புயலின் வருகையைக் காற்றழுத்தமானி முன்னரே உணர்த்தும். அழுத்தம் விரைந்து குறைந்தால், பெருங்காற்று வரப்போகிறது என்பது பொருள். அப்போது மாலுமிகள் முதலில் பாயின் பரப்பைச் சுருக்குவர். காற்றின் வேகம் இருமடங்கானால், பாயின்மீது அது செலுத்தும் விசை நான்கு மடங்காகும். ஆகவே, பாயைச் சுருக்கலாமா என்ற எண்ணம் தோன்றும்போதே சுருக்கிவிட வேண்டும். காற்று முற்றிய பின்னர் அவ்வேலை ஆபத்தானது.

அடுத்து, நீர் புகாதவாறு மேல்தளத்தின் கதவுகளை இறுக மூடுவர். தளத்தில் நடப்பவர் தம் பாதுகாப்பு வாரைப் படகோடு பிணைத்துக் கொள்வர். படகின் முன்பகுதியை ‘அணியம்’ என்பர். பெரிய அலை பக்கவாட்டில் மோதினால் படகு கவிழக்கூடும். எனவே அணியத்தையோ பின்பகுதியையோ அலையின் பக்கம் திருப்பி வைப்பர்.

மாலுமிகள் களைத்துவிட்டால், படகை ஏறத்தாழ நிறுத்தி வைக்கவும் ஒரு முறை உண்டு. முன்பாயை, காற்று வரும் பக்கமாக இழுத்துக் கட்டுவர். பாய் படகை ஒரு பக்கம் திருப்ப முயலும். மறுபக்கம் திருப்புமாறு சுக்கானைக் கட்டிவிடுவர். ஒன்றின் விசையை மற்றொன்று தடுப்பதால், படகு மிக மெதுவாக நகரும். அந்நேரத்தில் ஒருவர் காவல் இருக்க, மற்றவர் சிறிது உண்ணலாம், உறங்கலாம்.

இயந்திரம் ஏன் நிற்கிறது?

பாய்மரப் படகிலும் டீசல் இயந்திரம் உண்டு. துறைமுகத்தினுள் செல்லவும், மின்கலங்களுக்கு மின்னேற்றவும் அது பயன்படும். விளக்கு, வானொலி, வழிகாட்டும் கருவி ஆகியவை அம்மின்கலங்களால் இயங்குகின்றன.

பல படகுகளில் இயந்திரம் சரியாகப் புயல் வேளையில்தான் நின்றுவிடும். இது தற்செயலன்று. எரிபொருள் தொட்டியின் அடியில் நாளடைவில் நீரும் அழுக்கும் தங்குகின்றன. கடல் அமைதியாக இருக்கும்வரை அவை அடியிலேயே கிடக்கும். அலை படகைக் குலுக்கும்போது அவை கலங்கி எழுந்து, வடிகட்டியை அடைத்துக் கொள்கின்றன. எரிபொருள் செல்ல வழியின்றி இயந்திரம் நிற்கிறது.

அப்போது மாலுமி பதறாமல் வரிசைப்படி செயல்பட வேண்டும். முதலில் பாயையும் சுக்கானையும் கொண்டு படகைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். பிறகு அடைபட்ட வடிகட்டியை மாற்ற வேண்டும். வடிகட்டியை மாற்றும்போது குழாயினுள் காற்று புகுந்துவிடும். அதற்குரிய திருகைத் தளர்த்தி, கைவிசைக் குழாயை இயக்கினால், நுரையோடு டீசல் வெளிவரும். நுரை நின்று தூய டீசல் வந்ததும் திருகை இறுக்கி, இயந்திரத்தை இயக்கலாம். அப்போதும் இயங்காவிடில், மின்சாரத்தைச் சேமிக்க வேண்டும். தேவையற்ற விளக்குகளை அணைத்து, வானொலிக்கு மட்டும் மின்சாரத்தை ஒதுக்கி, பாயின் துணையோடு பயணத்தைத் தொடரலாம்.

துறைமுகத்தை நாடுதல்

சில பழுதுகளைக் கடலிலேயே முழுமையாகச் சரிசெய்ய இயலாது. முதற்பயணத்தின் இறுதிப் பகுதியில், தாரிணியின் சுக்கானை இயக்கும் அமைப்பு பழுதடைந்தது. மொரீஷியஸில் தங்குவது பயணத் திட்டத்தில் இல்லை. எனினும் அதிகாரிகள் படகை அந்நாட்டின் போர்ட் லூயிஸ் துறைமுகத்திற்குச் செலுத்தினர். பழுதை நீக்கிய பின்னரே கோவா நோக்கிப் புறப்பட்டனர். வீடு அருகில் இருக்கும்போது, “இன்னும் சிறிது தூரம்தானே” என்று எண்ணுவது இயல்பு. அவ்வெண்ணத்தை அடக்குவதும் கடலோடியின் திறமையே. உயிருக்கே ஆபத்து நேர்ந்தால், ‘மேடே’ என்று மூன்று முறை வானொலியில் அழைப்பர். அதனைக் கேட்கும் கப்பல்கள் உதவிக்கு விரையும்.

கடலில் காட்டும் துணிவின் பெரும்பகுதி கரையிலேயே உருவாகிறது. புறப்படும் முன் எரிபொருள் தொட்டியைத் தூய்மை செய்தல், மாற்று வடிகட்டிகளை எடுத்து வைத்தல், கயிறுகளின் தேய்மானத்தைப் பார்த்தல், பாய் சுருக்கும் பயிற்சியை இருளிலும் செய்து பழகுதல் ஆகியவை யாரும் பாராட்டாத சிறு வேலைகள். நள்ளிரவில் இயந்திரம் நின்று, விளக்கும் அணைந்துவிட்டால், மாற்று வடிகட்டி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதைக் கை அறிந்திருக்க வேண்டும். புயல் வந்த பிறகு அதனைத் தேட நேரம் இராது.