சிறுகூறுகளாற் பெரும்பொருளை அளத்தல்



இரண்டு சுவர்களின்மேல் ஒரு மரவளையை இட்டு, அதன் நடுவே ஒரு நெல்மூட்டையை வைத்தால் வளை எவ்வளவு தாழும் என்பதைப் பொறியியலாளர் ஒரு கடுதாசித் துண்டிலே கணித்துக் கூறிவிடுவர். வளை நேரானது, அதன் பருமன் எங்கும் ஒன்றே, சுமையும் ஓரிடத்தது. ஆதலின் ஒரு சமன்பாடு போதும். ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும், வளைந்தும் துளைபட்டும் கிடக்கும் அணைக்கட்டுக்கோ விமானச் சிறகுக்கோ அந்தச் சமன்பாடு உதவாது. அத்தகைய பொருளினூடே வெப்பம் எவ்வாறு பரவும் என்று கேட்டாலும் இதே இடர்ப்பாடுதான்.

இதனைத் தீர்க்க இக்காலப் பொறியியலாளர் கையாளும் வழி, முடிவுள்ள மூலக முறை எனப்படும். பெயர் மிரட்டினாலும், கலை கற்ற என்போன்றார்க்கும் எட்டாத கருத்தன்று. வட்டத்தின் சுற்றளவைக் காண விரும்பிய ஆர்க்கிமிடீசு, வட்டத்தின் உள்ளும் புறமும் 96 பக்கங்கள் கொண்ட உருவங்களை அமைத்துக் கணித்தார். நேர்கோட்டை அளத்தல் எளிது. கோடுகள் சிறுகச் சிறுக உருவம் வட்டத்தை நெருங்கும்.

அவ்வாறே பொறியியலாளரும் பொருளை முக்கோணங்களாகவோ நாற்கோணங்களாகவோ சிறு கட்டிகளாகவோ கணக்கிலே கூறுபடுத்துவர். ஒவ்வொரு கூறும் ஒரு மூலகம். மூலகங்களை ஒன்றோடொன்று இணைக்கும் புள்ளிகள் கணுக்கள். ஒரு மூலகத்தினுள்ளே அசைவு எளிய முறையில் மாறுகின்றது என்று கொள்வர். அயல் மூலகங்கள் கணுவிலே பிரியாதிருத்தல் வேண்டும். ஒவ்வொரு கணுவிலும் விசைகள் சமப்படல் வேண்டும். இவ்விரு நிபந்தனைகளையும் எழுதினால் ஆயிரக்கணக்கான எளிய சமன்பாடுகள் பிறக்கும். அவற்றை ஒருங்கே தீர்ப்பது மனிதப் பொறுமைக்கு அப்பாற்பட்டது; கணனிக்கோ சிறுவேலை. வெப்பத்தை ஆராய்வதாயின், அசைவுக்குப் பதிலாக வெப்பநிலையையும் விசைக்குப் பதிலாக வெப்பப் பாய்ச்சலையும் வைத்து அதே வழியிற் செல்லலாம்.

கணித அறிஞர் கூரன்ற் 1943இலேயே முக்கோணங்களைக் கொண்டு இத்தகைய கணிப்பொன்றை வெளியிட்டிருந்தார். விமானக் கட்டமைப்புக்கு இம்முறையைப் பொருத்திய புகழ்பெற்ற கட்டுரையைத் தேணர், கிளவ், மாட்டின், ரொப் ஆகிய நால்வர் 1956இல் வெளியிட்டனர். இன்று வழங்கும் பெயரைக் கிளவ் 1960இற் சூட்டினார். அவரும் அவர்தம் மாணவர் வில்சனும் ஆர்க்கன்சா மாநிலத்து நோர்போர்க் அணையை இம்முறையால் ஆராய்ந்து 1962இல் முடிவுகளை வெளியிட்டனர். கட்டுங் காலத்து வெப்பநிலை மாற்றத்தால் அவ்வணை உள்ளே பிளந்திருந்தது. கொங்கிறீற்று இறுகும்போது சூடாகும். பின்னர் குளிர்ந்து சுருங்க முயலும். சுருங்க இடமில்லாதவிடத்து வெடிக்கும். வெப்பமும் வலிமையும் ஒரே கணக்கினுள் வந்து சேர்ந்தமைக்கு நல்ல உதாரணம் இது.

இனி, இம்முறையின் இடுக்கண் எங்கேயுள்ளது என்பதைப் பார்ப்போம். கூறுகளைப் பெரிதாக வெட்டினாலும் கணனி ஒரு விடையைத் தந்தே தீரும். அவ்விடை பார்வைக்கு அழகாகவும் இருக்கும். விடை வந்துவிட்டதென்று மகிழும் மாணவனிடம் கணித ஆசிரியர் செய்கையைக் காட்டச் சொல்வது வீணுக்கன்று. கூறுகளை மேலும் சிறிதாக்கி மறுபடி கணிக்கும்போது விடை கணிசமாக நகருமாயின், முதல் விடையை நம்பலாகாது. விசை நெருங்கும் மூலைமுடுக்குகளிலே இச்சோதனை இன்றியமையாதது.

நோர்வே நாட்டின் சிலைப்னர் என்னும் எண்ணெய், வாயு மேடையின் கதை இதற்குச் சான்று. வடகடலில் 82 மீற்றர் ஆழத்தில் நிறுத்துதற்கென 24 உருளை அறைகள் கொண்ட கொங்கிறீற்று அடித்தளம் ஒன்று கட்டப்பட்டது. மூன்று அறைகள் கூடும் இடங்களில் முக்கோண வடிவான இடைவெளிகள் இருந்தன. அவற்றுட் கடல்நீர் நின்று சுவர்களை அழுத்தும். 1991 ஆகஸ்ட் 23இல், ஸ்ராவாங்கர் நகரருகேயுள்ள கடற்கழியில் அடித்தளத்தைச் சோதனைக்காக மெல்லத் தாழ்த்தினர். ஏறத்தாழ 65 மீற்றர் தாழ்ந்தபோது ஒரு சுவர் பிளந்தது. நீர் உட்புகுந்தது, இறைக்கும் பொறிகளால் ஈடுகொடுக்க இயலவில்லை. அதிலிருந்தோர் அனைவரும் உயிர்தப்பினர். அடித்தளமோ மூழ்கிச் சிதறியது. அந்த அதிர்ச்சி, றிக்டர் அளவில் 3 எனப் பதிவாயிற்று. இழப்பு சுமார் 70 கோடி டொலர்.

விசாரணையில் இரு காரணங்கள் வெளிப்பட்டன. அம்முக்கோண மூலைகளின் சுவரைக் கணனியிலே பரும்படியான, கோணலான மூலகங்களாக வெட்டியிருந்தனர். அதனாற் சுவரைக் குறுக்கே வெட்டும் விசை நூற்றுக்கு 47 பங்கு குறைத்து மதிப்பிடப்பட்டது. அங்கே இட்ட உருக்குக் கம்பிகளும் போதிய தூரம் நீளவில்லை. நுண்மையாக மீண்டும் கணித்தபோது, 62 மீற்றர் ஆழத்திலே சுவர் உடையும் என்று விடை வந்தது. நிகழ்ந்ததற்கும் கணிப்புக்கும் இடையே வேறுபாடு மூன்று மீற்றரே! ஆகவே முறையைக் குறைகூற இடமில்லை. கூறுபடுத்திய கைகளையே வினவல் வேண்டும்.

மற்றோர் அடித்தளத்தை விரைந்து கட்ட வேண்டியிருந்தது. புதிய கணனிக் கணிப்புக்காகப் பொறியியலாளர் காத்திருக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன்னர் முதன்மேடைகளை வரைந்தபோது கையாண்ட கைக்கணக்கு முறைகளாலேயே சுவர்களைத் திட்டமிட்டனர். கணனியின் விடைகள் வந்து சேர்ந்தபோது திட்ட வேலை முடிந்து, கட்டடம் எழுந்துகொண்டிருந்தது. 1993 ஏப்பிரலில் அப்புதிய அடித்தளத்தின்மேல் மேற்றளம் ஏற்றப்பட்டது.